கைகள் இல்லாத தீவு

ஒரு நாள் காலை என் தங்கை வந்தாள். காலிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அண்ணா, உன் மருமான் செய்கிற காரியத்தைக் கேட்டாயா?" என்றாள்.

மருமான் என்றால் அவளுடைய மூத்த பிள்ளை. கிளாஸ்கோ நகரத்தில் உத்தியோகம். நல்ல சம்பளம். எப்போதாவது ஒரு முறை ஊருக்கு வந்து, இரண்டு வாரம் இருந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அரைச் சுற்று பருத்துத் திரும்பிப் போவான். அந்த வருஷம், அதாவது 2014-ஆம் ஆண்டில், அவன் வரவில்லை. வர வேண்டிய இரண்டு வார விடுமுறையை வேறொரு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தான்.

"ஏதோ தீவாம். மனுஷப் பூண்டே கிடையாதாம். இடிந்துபோன வீடுகளுக்குக் கல் எடுத்து வைக்கப் போகிறானாம். சரி, அதற்கு ஏதாவது கொடுக்கிறார்களா என்று பார்த்தால், இவன்தான் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டுமாம். காசு கொடுத்துச் சித்தாள் வேலை பார்க்கிற பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?"

நான் பார்த்ததில்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அவள் கட்சிக்குப் பலம் சேர்ந்துவிடும். "உள்ளே வா, காப்பி சாப்பிடு. என்ன தீவு என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்று சமாதானம் செய்து அனுப்பி வைத்தேன். விசாரிக்கத் தொடங்கியது அவளுக்காகத்தான். பிறகு எனக்காகவே விசாரித்தேன்.

தீவின் பெயர் செயின்ட் கில்டா. பெயரைக் கேட்டதும், கில்டா என்ற மகான் யாரோ அங்கே தவம் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி எந்த மகானும் கிறிஸ்தவ சமயச் சரித்திரத்தில் கிடையாதாம். ஏதோ ஒரு பழைய சொல்லைத் தவறாகக் காதில் வாங்கி, தவறாகப் படத்தில் எழுதி, இல்லாத மகானுக்கு ஒரு தீவையே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்!

செயின்ட் கில்டா ஒரே தீவு அல்ல. ஒரு சிறு தீவுக் கூட்டம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருக்கும் தீவுகளையும் தாண்டி, வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர் தூரத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே அது தனித்துக் கிடக்கிறது. மனிதர் வாழ்ந்த பெரிய தீவுக்கு ஹிர்தா என்று பெயர். அதன் உச்சி 430 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரே செங்குத்தாகக் கடலில் இறங்குகிற பாறைச் சுவர்தான் பிரிட்டனிலேயே மிக உயரமான கடற்பாறை. பக்கத்தில் போரரே, சோவே, டூன் என்று தீவுகள். கடலிலிருந்து கோபுரம்போல எழுந்து நிற்கும் ஸ்டாக் லீ, ஸ்டாக் அன் ஆர்மின் என்ற தனிப் பாறைகள். இவற்றின்மேல் லட்சக்கணக்கான கடற்பறவைகள். மரம் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நாம் ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். அங்கே காற்று அடித்தால் கூரை பறப்பது வெறும் பேச்சு அல்ல, சரித்திரம்.

இந்த இடத்தில் குறைந்தது இரண்டாயிரம் வருஷங்களாக மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். எப்படி வாழ்ந்தார்கள் என்று 1697-ஆம் ஆண்டில் நேரில் போய்ப் பார்த்து எழுதிய ஒருவர் இருக்கிறார். மார்ட்டின் மார்ட்டின் என்று பெயர். அவர் போனபோது தீவில் இருந்தவர்கள் சுமார் 180 பேர்.

கடல் சுற்றிலும் இருந்தும், அவர்கள் முக்கியமாக மீனை நம்பி வாழவில்லை. அலையும் பாறையும் அதற்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை. அவர்களுடைய வயல் அந்தச் செங்குத்துப் பாறைதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நூறு இருநூறு மீட்டர் கீழே இறங்கி, ஃபுல்மார், கானெட், பஃபின் என்ற கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் கொண்டுவருவார்கள். இறைச்சி சாப்பாட்டுக்கு. எண்ணெய் விளக்குக்கு. இறகு குத்தகைக்கு. ஆமாம், தீவின் சொந்தக்காரரான மக்லியாட் பிரபுவுக்கு அவர்கள் காசாகக் குத்தகை கட்டவில்லை. இறகும் எண்ணெயும் நெய்த கம்பளித் துணியுமாகக் கட்டினார்கள். பிரபுவின் காரியஸ்தர் கோடையில் படகில் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

பறவைகளைக் காய வைப்பதற்கும் சேமிப்பதற்கும் அவர்கள் கட்டிய கற்கூடுகளுக்குக் 'கிளெட்' என்று பெயர். சாந்து கிடையாது, மரச்சட்டம் கிடையாது. கல்லின்மேல் கல்லை அடுக்கி, மேலே பலகைக் கற்களைப் போட்டு, அதற்கு மேல் புல்லோடு வெட்டி எடுத்த மண்கட்டியை மூடியாக வைத்துவிடுவார்கள். மழை உள்ளே போகாது. ஆனால் கற்களின் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து புறப்படும். உள்ளே வைத்தது காயும், கெடாது. இப்படிப்பட்ட கற்கூடுகள் ஹிர்தாவில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. மலைச்சரிவில் எங்கே பார்த்தாலும் கல் ஆமைகள் படுத்திருப்பதுபோல் தெரியுமாம்.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. தினமும் காலையில் ஆண்கள் எல்லாரும் வீதியில் ஒன்றுகூடுவார்கள். இன்றைக்கு என்ன வேலை? பாறைக்குப் போவதா, படகைப் பழுது பார்ப்பதா, வீட்டுக் கூரையைக் கட்டுவதா? தலைவர் கிடையாது, யார் வேண்டுமானாலும் பேசலாம். வெளியூர்க்காரர்கள் வேடிக்கையாக இதற்குப் 'பார்லிமெண்ட்' என்று பெயர் வைத்தார்கள். சில நாட்களில் பேச்சு முடியவே முடியாது. அன்றைய வேலை அதோடு சரி. அந்த அளவில் அது உண்மையான பார்லிமெண்ட்தான்!

படகு எல்லாருக்கும் பொது. பிடித்த பறவைகள் எல்லா வீட்டுக்கும் பங்கு. பாறையில் இறங்க முடியாத கிழவர்களுக்கும், புருஷனை இழந்த பெண்களுக்கும் பங்கு தவறாது. அப்படியானால் கணக்கு என்ன ஆகிறது? கை வலுவுள்ளவர்கள் சிலர், அது இல்லாதவர்கள் சிலர். வலுவுள்ள கைகள்தான் எல்லாருக்கும் சோறு போட்டன. அந்தத் தீவின் செல்வம் பறவை அல்ல, நிலம் அல்ல, கைகள். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

1727-ஆம் ஆண்டில் ஒரு சம்பவம் நடந்தது. கதையாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகஸ்டு மாதத்தில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில் இறங்கினார்கள். அது 196 மீட்டர் உயரமுள்ள மொட்டைப் பாறை. இறக்கிவிட்ட படகு ஹிர்தாவுக்குத் திரும்பிவிட்டது. சில நாள் கழித்து வந்து அழைத்துப் போவது வழக்கம். நாட்கள் போயின. வாரங்கள் போயின. படகு வரவில்லை. குளிர்காலம் வந்தது. பிடித்த பறவையையும் கிடைத்த மீனையும் தின்றுகொண்டு, அலை மோதுகிற பாறையில் சின்னஞ்சிறு கற்குடிசை ஒன்றில் ஒடுங்கிக்கொண்டு, பதினொரு பேரும் காத்திருந்தார்கள். மறு வருஷம் மே மாதம் காரியஸ்தருடைய படகு வந்து அவர்களை மீட்டது. ஏறக்குறைய ஒன்பது மாதம்! ஆச்சரியம் என்னவென்றால், பதினொரு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஊரில் இருந்தவர்கள்தான் இல்லை. அம்மை நோய் வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. ஹாரிஸ் தீவுக்குப் போன கில்டாக்காரர் ஒருவர் அங்கே அம்மையில் இறந்துபோனார். அவருடைய துணிமணிகளை யாரோ அன்போடு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நோயும் கூடவே வந்து சேர்ந்தது. எஞ்சியவர்கள் ஒரு சில பெரியவர்களும் குழந்தைகளும்தான். பாறையில் காத்திருந்தவர்களை ஊர் மறக்கவில்லை. படகும் இருந்தது. துடுப்பும் இருந்தது. துடுப்புப் போடக் கைகள் இல்லை.

பிறகு ஹாரிஸிலிருந்து புதுக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ஊர் மறுபடியும் தழைத்தது. ஆனால் முழுவதும் தேறவில்லை. 1852-ஆம் ஆண்டில் இருந்த 110 பேரில் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். பிறக்கிற குழந்தைகள் எட்டு நாள் நோய் என்று சொல்லப்பட்ட ஜன்னியில் அநியாயமாக மடிந்துகொண்டிருந்தன. 1890-களில் தீவில் இருந்த பாதிரியார் ஒருவர், பிரசவத்தைச் சுத்தமாகப் பார்க்கும் முறையைக் கற்றுக் கொண்டுவந்து புகுத்திய பிறகுதான் அந்தக் கொடுமை நின்றது. அதற்குள் எத்தனை கைகள் வளராமலே போய்விட்டன!

1860-ஆம் ஆண்டு ஒரு பெரும் புயல் வீடுகளைச் சேதப்படுத்திற்று. அடுத்த இரண்டு வருஷங்களில் கடலைப் பார்த்த ஒரே வரிசையாகப் பதினாறு புது வீடுகள் கட்டினார்கள். கூரைக்குத் துத்தநாகத் தகடு போட்டார்கள். அந்த வீதிதான் இன்றும் நிற்கிறது.

அதன் பிறகு நாகரிகம் நீராவிக் கப்பலில் வந்தது. வேடிக்கை பார்க்கும் சீமான்கள் வந்தார்கள், முட்டையும் கம்பளியும் வாங்கினார்கள், புகைப்படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். குளிர்காலத்தில் ஆபத்து என்றால் செய்தி சொல்லக்கூட வழியில்லை. மரத்துண்டைச் சிறு படகுபோலக் குடைந்து, அதற்குள் கடிதத்தை வைத்து, ஆட்டின் தோல்பையை ஊதி மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். அலையும் காற்றும் தபால்காரர்கள். எந்தக் கரையில் எப்போது ஒதுங்குமோ, யார் எடுத்துப் படிப்பாரோ!

முதல் மகாயுத்தத்தில் கப்பற்படை தீவில் ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்தது. அதைப் பொறுக்காத ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று 1918-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி வந்து 72 குண்டுகள் போட்டது. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. பிறகு ஒரு பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது இன்றுவரை ஒரு பகைவனையும் சுடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யுத்தம் செய்த உண்மையான சேதம் வேறு. யுத்த காலத்தில் சிப்பாய்களோடு பழகிய இளைஞர்கள், கடலுக்கு அப்பால் மாதாமாதம் சம்பளம் என்று ஒரு பொருள் இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் ஊரை விட்டு வந்தவன்தான்.

1921-இல் 73 பேர். 1930-இல் 36 பேர்.

அந்த 1930-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓர் இளம்பெண் நோயுற்று, கரைக்குக் கொண்டுபோகப்பட்டு, கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தீவில் இருந்த நர்ஸ் அம்மையார் எஞ்சியவர்களிடம் பேசினார். மே மாதம் 10-ஆம் தேதி அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதப்பட்டது. 20 பேர் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம் இதுதான்: வேலை செய்யும் ஆட்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். இருக்கிற சிலரும் இந்த வருஷம் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் போனபின் மற்றவர்கள் இங்கே ஒரு குளிர்காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. எங்கள் எல்லாரையும் சேர்த்துக் கரைக்கு அழைத்துப்போய் வீடும் வேலையும் கொடுங்கள்.

பஞ்சம் என்று அவர்கள் எழுதவில்லை. புயல் என்று எழுதவில்லை. ஆள் போதவில்லை என்றுதான் எழுதினார்கள். 1727-ஆம் ஆண்டில் துடுப்புப் போடக் கை இல்லாமல் போனது. இருநூறு வருஷம் கழித்து வாழ்வதற்கே கை இல்லாமல் போயிற்று.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆடுமாடுகள் முதலில் கப்பல் ஏறின. நாய்களைக் கூட்டிப்போக வழியில்லை. கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் விட்டார்கள். 29-ஆம் தேதி காலை ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியமும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். பிறகு 'ஹேர்பெல்' என்ற போர்க்கப்பலில் 36 பேரும் ஏறிப் போனார்கள்.

தானியத்தை யாருக்காக வைத்தார்கள்? இதைப் படித்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். திரும்பி வருகிறவன் பூட்டுகிறபடியே பூட்டியிருக்கிறார்கள். வெறும் வீடாக விட்டுப் போக மனம் வரவில்லை.

கரையில் அவர்களில் பலருக்கு அரசாங்கம் காட்டு இலாகாவில் வேலை கொடுத்தது. வாழ்நாளில் ஒரு மரத்தை நிமிர்ந்து பார்க்காதவர்களுக்கு மரம் வளர்க்கிற வேலை! உத்தியோகஸ்தர்களின் நகைச்சுவை எல்லாத் தேசங்களிலும் ஒரே ரகமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு தீவில் என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தீவுக்கே உரிய ஒரு வகை வீட்டெலி இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாதது. மனிதர் போனபின் ஓரிரு வருஷங்களில் அது பூண்டோடு அற்றுப் போயிற்று. அடுப்பும் தானியமும் மனிதச் சூடும் இல்லாமல் அதற்கு வாழத் தெரியவில்லை. வயலெலி பிழைத்துக்கொண்டது. வீட்டெலி வீடு இருந்தும் செத்தது.

1931-இல் தீவை ஒரு பிரபு விலைக்கு வாங்கினார். பறவைகளில் பிரியமுள்ளவர். அடுத்த வருஷம் பக்கத்துத் தீவான சோவேயில் திரிந்த பழைய இனத்து ஆடுகளில் 107-ஐக் கொண்டுவந்து ஹிர்தாவில் விட்டார். இன்று அங்கே மேய்வன அவற்றின் சந்ததிதான். 1956-இல் அவர் காலமானபோது தீவை ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார். 1957-இல் டிரஸ்டு அதை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ராணுவமும் வந்தது. தெற்கு யூயிஸ்டிலிருந்து விடும் ஏவுகணைகளைக் கண்காணிக்க மலையுச்சியில் ராடார் வைத்தார்கள். அதற்காகச் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, வெளியுலகத்தோடு வானொலித் தொடர்பு வந்தது. எல்லாம் வந்தன, இருபத்தேழு வருஷம் தாமதமாக!

டிரஸ்டுக்குக் கிடைத்த சொத்து என்ன? கூரை போன வீடுகள், சரிந்துகொண்டிருக்கிற ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கூடுகள், மைல் கணக்கில் மதில். ஆள் புழங்குகிற வீட்டில் ஒரு கல் பெயர்ந்தால் மாலைக்குள் யாராவது தூக்கி வைப்பார்கள். ஆள் புழங்காத வீட்டில் ஒரு கல் விழுந்தால் அது அடுத்த கல்லை அழைத்துக்கொண்டுதான் விழும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. ஆகையால் டிரஸ்டு ஊராரைக் கேட்டது: யார் வருகிறீர்கள்? உங்கள் செலவுக்கு நீங்களே பணம் கட்ட வேண்டும். மழையிலும் காற்றிலும் கல் சுமக்க வேண்டும்.

வந்தார்கள். 1958-ஆம் ஆண்டு முதல் தொண்டர் குழு போயிற்று. அதன் பிறகு கோடைதோறும் பத்துப் பன்னிரண்டு பேராக, இரண்டு வாரத் தவணையாகப் போனார்கள். சில வீடுகளுக்குக் கூரை போட்டார்கள். ஒரு வீட்டைச் சிறு மியூசியமாக்கினார்கள். மாதாகோவிலையும் பள்ளிக்கூடத்தையும் செப்பனிட்டார்கள். 1986-இல் இயற்கை வளத்துக்காகவும், 2005-இல் மனித வாழ்வின் சின்னமாகவும் அந்தத் தீவு உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு காரணத்துக்காகவும் அந்தக் கௌரவம் பெற்ற இடங்கள் உலகிலேயே கொஞ்சம்தான்.

இதையெல்லாம் என் தங்கையிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அங்கே சாப்பாடு?" என்றாள். தாயின் முன்னால் சரித்திரம் எம்மாத்திரம்? ரசப்பொடி, ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் ஒரு பார்சலாகக் கிளாஸ்கோவுக்குப் பறந்தன.

ஒரு மாதம் கழித்துப் பையனிடமிருந்து எனக்கு நீண்ட கடிதம் வந்தது. படகில் ஏறுமுன் மூட்டை முடிச்சுகளைச் சோதித்தார்களாம், உள்ளே எலி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. தீவில் பெருச்சாளி இனம் கிடையாது. ஒரு ஜோடி இறங்கிவிட்டால் பறவைகளின் முட்டைகளுக்கு ஆபத்து. "எலி இல்லை, ரசப்பொடி இருந்தது. அனுமதித்தார்கள், மாமா" என்று எழுதியிருந்தான்.

அவனுக்குக் கொடுத்த வேலை, கூரை சரிந்த ஒரு கற்கூட்டை எடுத்துக் கட்டுவது. ஆடுகள் மேலே ஏறி மேய்ந்து மேய்ந்து மண்மூடி சரிந்துபோயிருந்தது. போனவுடன் கல்லைத் தூக்கிவிட முடியாது. தொல்பொருள் அறிந்த ஒருவர் முதலில் எல்லாவற்றையும் படம் பிடித்துக் குறித்துக்கொள்வார். விழுந்த கல் எந்த இடத்துக் கல் என்று பார்த்து அங்கேதான் வைக்க வேண்டும். புதுக் கல் கூடாது, சாந்து கூடாது, அழகுபடுத்துவது கூடவே கூடாது.

"முதல் நாள் நான் வைத்த வரிசை மறுநாள் காலையில் தரையில் கிடந்தது. குழுவில் ஒரு பாட்டி இருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கல்லைப் பார்க்காதே, இடத்தைப் பார். இடம்தான் கல்லைக் கேட்கும்' என்றார். நாலாம் நாள்தான் அது புரிந்தது. பதினோராம் நாள் மண்மூடியைப் போட்டு முடித்தோம். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. காற்று மட்டும் மெல்ல வருகிறது. கட்டியவன் யார் என்று தெரியாது. அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று இப்போது கொஞ்சம் தெரியும்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை மறைக்காமல் அவனுக்கு எழுதினேன். உயிரோடு இருந்த 36 பேருக்குக் கைகொடுக்க 1930-இல் ஆள் இல்லை. அவர்கள் விட்டுப்போன கற்களுக்குக் கைகொடுக்க மட்டும் இத்தனை பேர் வருகிறார்களே, இது என்ன நியாயம்? வாழ்கிறவனுக்கு இல்லாத தயவு, அவன் வீட்டுச் சுவருக்கு எதற்கு?

அவன் பதில் இது: "அங்கே எல்லா வீட்டுக்கும் கூரை போடவில்லை, மாமா. பதினாறில் பெரும்பாலானவை கூரையில்லாமலே நிற்கின்றன. மேலும் இடியாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். யாரும் திரும்பி வந்து குடியிருப்பதாகப் பாவனை செய்யவில்லை. ஊர் போய்விட்டது என்பதையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறோம். நீங்கள் கேட்ட கேள்வியை அந்தச் சுவர்கள்தான் கேட்கின்றன. சுவர் போனால் கேள்வியும் போய்விடும் அல்லவா?"

சித்தாள் வேலைக்குப் போனவன் இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான்! ஆனால் அவன் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. நேற்று உதவத் தவறியதற்கு இன்றைய உதவி பரிகாரம் ஆகாது. தவறியதை மறக்காமல் இருக்கிற ஒரு வழி அது. அந்தத் தீவில் ஒருவன் பாறையில் இறங்கினால் இறங்க முடியாதவன் வீட்டுக்கும் பங்கு போனது. இப்போது இறந்துபோனவர்களின் பங்கு வேலையை அன்னியர்கள் முறைபோட்டுச் செய்துவிட்டுப் போகிறார்கள். பார்லிமெண்ட் கூடுவதில்லையே தவிர, பழைய சட்டம் அமுலில்தான் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டில், ஹேர்பெல் கப்பலில் ஏறிப் போனவர்களில் எஞ்சியிருந்த கடைசி அம்மையார் 93-ஆம் வயதில் காலமானார். ஏறியபோது அவருக்கு எட்டு வயது. அந்தச் செய்தியை மருமான்தான் எழுதியிருந்தான். "இனிமேல் அந்த வீடுகளை 'எங்கள் வீடு' என்று சொல்ல யாரும் இல்லை" என்று முடித்திருந்தான். அதன் கீழே, சம்பந்தமில்லாததுபோல ஒரு வரி:

"மாமா, தாத்தா வீட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?"

சாவி என்னிடம்தான் இருக்கிறது. என் மேஜையின் வலதுபக்க இழுப்பறையில், பழைய பேனாக்களுக்கும் ரசீதுகளுக்கும் அடியில். என் தகப்பனார் இருந்தவரை ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் விட்டு ஓடுகளைப் பிரித்து அடுக்குவார். அவருக்குப் பின் அது நடக்கவில்லை. நானும் தங்கையும் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிய அன்று, பூஜையறை மாடத்தில் ஒரு படி நெல்லை வைத்துவிட்டு வந்தாள் அவள். எதற்கு என்று நான் அன்று கேட்கவில்லை.

கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்கையைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னால் ஊருக்கு ஒரு நடை போய்வரலாமா?" என்று கேட்டேன்.

"எதற்கு அண்ணா?" என்றாள்.

"ஓடு எடுத்துக் கொடுக்க ஒரு சித்தாள் வேண்டியிருக்கும்" என்றேன்.